"இன்னும் எத்தனை வருஷம்டி படிக்கப் போறே?" - இரும்புலியூர் மாடி வீட்டில் ஓர் ஆர்க்கிடெக்சர் ஆராய்ச்சி

வீட்டில் ஒருவர் எம்.பி.பி.எஸ் முடித்தால், "அடுத்து எம்.டி-யா, எம்.எஸ்-ஸா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்பார். அதே வீட்டில் ஒருவர் ஆர்க்கிடெக்சர் முடித்தால் கேள்வி வேறு மாதிரி வரும். "அதான் அஞ்சு வருஷம் படிச்சாச்சே, எங்களுக்கு எப்போ வீடு கட்டித் தரப் போறே?"

எம்.ஆர்க் படிக்கப் போகிறேன் என்றால்கூட ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். 'பிஹெச்.டி பண்ணப் போறேன்' என்றால் சிக்கல்தான். செங்கல், சிமென்ட், மணல், கம்பி. இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் நிஜமாகவே புரியாமல் கேட்பார்கள்.

கடந்த ஒரு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் இரும்புலியூரைச் சேர்ந்த 28 வயதுப் பெண் ஒருவர். தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி சாலையும் ரயில் பாதையும் பைபாஸும் நெருக்கியடிக்கும் ஊர் அது. 23 வயதில் பி.ஆர்க் முடித்தார். இரண்டு வருடம் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை. பிறகு இரண்டு வருடம் எம்.ஆர்க். இப்போது மறுபடி ஓர் அலுவலகம். அடுத்து முனைவர் பட்டம்.

இவரைவிட இரண்டு வயது சின்னவரான தம்பி இன்ஜினீயரிங் முடித்து 22 வயதில் ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலைக்குப் போய்விட்டார். அக்காவின் எம்.ஆர்க் கல்விக்கடனுக்கு இன்னும் தவணை போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவின் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. "இன்னும் எத்தனை வருஷம்டி படிக்கப் போறே?"

விரல் விட்டு எண்ணினால்...

அம்மாவின் கணக்கு தப்பில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி-யின் 2022-ம் ஆண்டு விதிகளின்படி, பிஹெச்.டி-க்குக் குறைந்தது 3 ஆண்டுகள் வேண்டும். அதிகபட்சம் 6 ஆண்டுகள். பல்கலைக்கழகம் அனுமதித்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. ஆய்வுக் காலத்துக்குள் பேறுகால விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று 240 நாள்கள் வரை எடுக்கலாம்.

28 வயதில் சேர்ந்தால், எல்லாம் சரியாகப் போனால் 31. இழுத்தால் 34. "குழந்தை பெத்துக்கறதுக்கு லீவு தர்றாங்கன்னு சொல்றே. மொதல்ல கல்யாணத்துக்கு லீவு தருவாங்களான்னு கேளு" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிப்புக்காகச் சொன்னது இல்லை.

இத்தனை வருடம் செலவழித்து வாங்கும் பட்டம் தொழிலுக்குக் கட்டாயமும் இல்லை. இந்தியாவில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருந்தால் போதும். பி.ஆர்க் முடித்ததுமே அந்தத் தகுதி வந்துவிடுகிறது. முட்டுக்காட்டு தட்சிணசித்ராவின் வடிவமைப்புக்குப் பின்னால் இருந்த லாரி பேக்கர், ஆராய்ச்சிப் பட்டத்தை வைத்துப் பேர் வாங்கியவர் இல்லை.

அப்படியானால் எதற்கு? அதற்கான பதில் அவர் வீட்டு மாடியிலேயே இருந்தது.

அப்பா கட்டிய மாடி

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளம் தாத்தா காலத்தது. மேல்தளம் அப்பா பி.எஃப் பணத்தில் கட்டியது. பிளான் வரைந்து கொடுத்தவரும் மேஸ்திரி, கட்டியவரும் மேஸ்திரி. இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. பிள்ளைகள் படிக்கத் தனி ரூம் வேண்டும் என்பதற்காகக் கட்டியது.

மே மாதம் வந்துவிட்டால் அந்த ரூமில் இருக்க முடியாது. மதிய வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளியே காற்று வர ஆரம்பித்த பிறகும், இரவு 10 மணிக்கு மேலேயிருந்து அனல் இறங்கும். ஃபேன் போட்டால் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். படிப்பு நாள்களில் பாதிக் கோடையை அவர் கீழ்த்தளத்து ஹாலில் பாய் விரித்துத்தான் கழித்திருக்கிறார்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து அதைக் கீழே இருக்கும் அறைக்குக் கொடுக்கிறது. சூரியன் மறைந்தாலும் தளத்துக்கு மட்டும் பகல் முடிவதில்லை.

பழைய மெட்ராஸ் வீடுகளில் தளம் இப்படி இல்லை. மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் தெளித்து, நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பேர். தளமும் தடிமன், சுவரும் உயரம். அந்த வேலைக்கு ஆளும் நேரமும் வேண்டும் என்பதால் கான்கிரீட் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. இன்று தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் கீழ்த்தளம் இருக்க மேல்தளம் எழுப்பிய வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

"ராத்திரி அந்த ரூமில் தூங்குபவருக்கு உண்மையில் எவ்வளவு சூடு? எவ்வளவு வரை தாங்குகிறார்? தாங்க முடியாதபோது என்ன செய்கிறார்?" - அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

அப்பா கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் கட்டின வீடு தப்புன்னுதான் எழுதப் போறியாம்மா?" என்றார்.

"தப்புன்னு எழுதலப்பா. ஏன் இப்படி இருக்குன்னு எழுதப் போறேன். நீங்க மட்டுமா கட்டினீங்க? தாம்பரம் முழுக்க இப்படித்தானே கட்டியிருக்காங்க?"

அன்று அதோடு பேச்சு நின்றுவிட்டது.

ஹைதராபாத்தில் 45 வீடுகள்

இப்படி ஒரு கேள்வியை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியுமா? வாங்கியிருக்கிறார்கள்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட் மாதவி இந்திரகண்டி தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2008-ம் ஆண்டின் கோடையிலும் பருவமழை நாள்களிலும் அந்த நகரத்தின் சாதாரண அடுக்குமாடி வீடுகளுக்குள் போனார். 45 வீடுகள், நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்தார். அதே நேரத்தில் அங்கே இருந்தவர்களிடம், 'இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டார். மிகக் குளிர்ச்சிக்கு மைனஸ் 3, மிகச் சூடுக்குப் பிளஸ் 3, நடுவில் பூஜ்ஜியம். மறுபடி மறுபடி போய்க் கேட்டதில் 3,962 பதிவுகள் சேர்ந்தன.

அன்றைய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கோடையில் 23 முதல் 26 டிகிரி வரை இருந்தால் வசதி என்று சொன்னது. ஹைதராபாத் வீட்டுக்காரர்களின் பதிலோ 26 முதல் 32.45 டிகிரி வரை நீண்டது. சூடும் இல்லை, குளிரும் இல்லை என்று அவர்கள் சொன்ன இடம் 29.23 டிகிரி.

நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு சூடாக இருந்தாலும் தாங்கிக்கொள்வார்கள் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆய்வில் கோடையில் சுமார் 60 சதவீதம் பேர் அசௌகரியமாக இருப்பதாகவே சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். ஆனால் எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார், கொசு வரும், தெருச் சத்தம் வரும். அதனால் ஜன்னல் மூடியே இருக்கிறது. பிளானில் ஜன்னல் வரைந்தவருக்கு அந்த ஜன்னல் திறக்கப்படுகிறதா என்று தெரியாது. வீட்டுக்குள் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இரும்புலியூர்ப் பெண் இந்த ஆய்வை எம்.ஆர்க் படிக்கும்போது படித்தார். வேலை பார்க்கும் இடத்தில் அதுவரை பில்டர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் 'எலிவேஷன் கொஞ்சம் கிராண்டா இருக்கணும் மேடம்' என்பதுதான். மேல்தளத்து ஃபிளாட்டில் குடிவரப்போகிறவர் இரவு எப்படித் தூங்குவார் என்று யாரும் கேட்டதில்லை.

ஏசி ரிமோட்டில் 24

இத்தகைய ஆய்வுகள் நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்றில் அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பேரின் பதில்கள் திரட்டப்பட்டன. புழுக்கமான ஊருக்கு எடுத்துக்காட்டாகச் சேர்க்கப்பட்டது சென்னை. வெளியே இருக்கும் வெப்பநிலைக்கு ஏற்ப மனிதர்களின் 'வசதி' அளவும் மாறுகிறது என்பதை அது இந்திய எண்களோடு காட்டியது. அந்தக் கணக்குமுறை 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்புக்குள் போனது.

2018-ல் வீடுகளுக்கென்றே 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற எரிசக்தி விதிமுறை வந்தது. மேற்கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. மேலே எந்தப் பாதுகாப்பும் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்புக்குள் நிற்காது. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற வீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

சென்னையைப் பற்றியும் வேலை நடந்திருக்கிறது. 1957-ல் தொடங்கப்பட்டு இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியின் ஆய்வாளர்கள், நகரம் எப்படி வெப்பத் தீவாகிறது என்ற ஆய்வை 2009-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் நடந்த நகரக் காலநிலை மாநாட்டில் வைத்தார்கள்.

ஆனால் புறநகர் வீட்டின் மேல்தளத்து பெட்ரூம் இன்னும் பெரும்பாலும் கணக்குக்கு வெளியேதான் இருக்கிறது. 'இன்று மீனம்பாக்கத்தில் இத்தனை டிகிரி' என்று செய்தியில் சொல்வது, திறந்த வெளியில் காற்றோட்டமான நிழல் பெட்டிக்குள் அளந்த வெப்பம். சென்னையில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 அன்றும் அப்படித்தான் அளந்தார்கள். மாடி வீட்டு பெட்ரூமில் இரவு 10 மணிக்கு எவ்வளவு என்று எந்தச் செய்தியும் சொல்லாது.

அப்பாவின் நோட்டு

மகள் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கிவந்து மேல் ரூமில் மாட்டினார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பகலில் அவர் அலுவலகத்தில் இருப்பார். அம்மா முதல் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள் மறந்துவிட்டார்.

நான்காவது நாள் மாலை வீடு திரும்பியபோது, வெப்பமானிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கியது. தேதி, நேரம், வெப்பம், ஃபேன் ஓடியதா, ஜன்னல் திறந்திருந்ததா, மழையா வெயிலா என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. அப்பாவின் கையெழுத்து. வேலையில் இருந்த காலம் முழுக்க ரெஜிஸ்டர் எழுதிப் பழகியவர்.

அடுத்த கோடையில் அவரே கீழ்த்தளத்துக்கும் ஒரு வெப்பமானி கேட்டார். "ரெண்டையும் ஒண்ணா பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்?" என்றார். பல நாள்களில் மேல் ரூமின் இரவு அளவு, மதிய அளவுக்குப் பக்கத்திலேயே நின்றது. கீழ்த்தளத்தில் அப்படி இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே சொன்னார். "மேஸ்திரி அப்பவே சொன்னாரு, சுருக்கி போட்டு தட்டோடு பதிச்சிடலாம்னு. கையில காசு இல்ல. உன் காலேஜ் ஃபீஸ் வேற வந்துச்சு. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மகளுக்கு அதுவரை தெரியாத விஷயம் அது. கூரை இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் தன் ஃபீஸும்தான் என்பது எந்தக் கருவியிலும் பதிவாகியிருக்காது. அதன் பிறகு தயாரித்த கேள்வித்தாளில் ஒரு வரி சேர்த்தார்: 'கட்டும்போது கூரையில் செய்ய நினைத்து, செய்யாமல் விட்ட வேலை எது? ஏன்?'

ஆராய்ச்சித் திட்டத்தைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டியபோது நோட்டைப் பாராட்டிவிட்டு, ஒரு வீட்டை வைத்து ஆய்வு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். எத்தனை வீடுகள், எந்த மாதிரிக் கூரைகள், எத்தனை பருவங்கள் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்கு அந்தத் திட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். முதல் வரைவில் தாம்பரம் மாநகராட்சி முழுக்க எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி வரைவில் நான்கு தெருக்கள் மிஞ்சின.

சேரப்போகிறவர்கள் கவனத்துக்கு

ஆர்க்கிடெக்சரில் ஆராய்ச்சிப் பட்டம் பற்றி யோசிப்பவர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது பணத்தை. 'கேட்' தேர்வில் ஆர்க்கிடெக்சர் மற்றும் திட்டமிடலுக்கு 'ஏ.ஆர்' என்ற தனித்தாள் இருக்கிறது. அதில் தகுதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் எம்.ஆர்க் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. முழுநேர ஆய்வாளர்களுக்கான ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000. ஆனால் பிஹெச்.டி சேரும் எல்லோருக்கும் இது தானாக வந்துவிடாது. எந்த இடத்துக்கு உதவித்தொகை உண்டு, எதற்கு இல்லை என்று சேர்க்கை அறிவிப்பிலேயே பார்த்துவிட வேண்டும்.

முதுகலையில் 55 சதவீதம் மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம். அதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். சேர்ந்த பிறகு முதலில் பாடங்கள், பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் வேலையைக் காட்டுவது, கடைசியில் ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் படித்த பிறகு வாய்மொழித் தேர்வு. கட்டடத் தொழில்நுட்பம் சார்ந்த கேள்வி என்றால் ஆர்க்கிடெக்சர் துறை மட்டும்தான் வழி என்று இல்லை. சில இடங்களில் சிவில் துறைக்குள்ளேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் முன் 'ஷோத்கங்கா' தளத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன, மொபைலிலேயே படிக்கலாம். நாம் நினைத்ததை வேறு யாராவது செய்து முடித்துவிட்டார்களா, எந்த இடத்தில் விட்டிருக்கிறார்கள் என்பது பத்து ஆய்வேடுகளைப் புரட்டினால் தெரிந்துவிடும். வழிகாட்டப்போகும் பேராசிரியரின் பழைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். அம்மாக்கள் கேட்கும் கேள்விக்கு அதுதான் உண்மையான பதில்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல வீடுகளைக் கட்ட வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால், இந்த ஆறு வருடத்தைக் கட்டுமான இடத்தில் செலவழிப்பதே மேல். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்வதற்காகச் சேர்ந்தால் மூன்றாவது வருடத்தில் ஆர்வம் வற்றிவிடும். கேள்வி ஒன்று தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறது என்றால் மட்டும் விண்ணப்பம் வாங்கலாம். இரும்புலியூர்ப் பெண்ணைக் கேள்வியும் தூங்கவிடவில்லை, ரூமும் தூங்கவிடவில்லை.

வீட்டில் எடுத்த முடிவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். கல்விக்கடன் முடியும்வரை வேலையை விடுவதில்லை, பகுதிநேரமாகச் சேர்வது என்று முடிவானது. நாளாகும், சனி ஞாயிறு என்று எதுவும் இருக்காது. கூடப் படித்தவர்கள் அதற்குள் சொந்த அலுவலகம் தொடங்கியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். தம்பி, "அக்கா, லேப்டாப் என்னோடது எடுத்துக்கோ, பழசுல எதுவும் ஓடாது" என்றான்.

அம்மா கேள்வியைக் கைவிடவில்லை. ஆனால் கீரை வாங்கப் போன இடத்தில், பின்தெரு அக்காவிடம், "உங்க மாடி ரூம் ராத்திரில எப்படி இருக்கு? எங்க பொண்ணு அதைப் பத்தித்தான் படிக்கப் போறா. ஒரு நாள் வந்து பார்ப்பா" என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார். அப்படி இதுவரை ஏழு வீடுகள் சம்மதித்திருக்கின்றன. அதில் நான்கு, அம்மா பிடித்துக் கொடுத்தவை.

விண்ணப்பம் போய்விட்டது. நேர்முகத் தேர்வுக்கான தேதி இன்னும் வரவில்லை. இந்தக் கோடைக்கு முன் மாடியில் சுருக்கி போட்டுவிடலாம் என்று அப்பா மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு கோடை முழுக்க இப்போதிருக்கும் கூரையின் அளவு வேண்டும், அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்று மகள்தான் தடுத்துவிட்டார். இந்த மே மாதமும் அவர் கீழ்த்தளத்து ஹாலில்தான் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.